ஊட்டிக் குளிரில் எழாத குவாலிஸ்

கனடாவில், எட்மன்டனில் மைனஸ் 30 டிகிரியில் ராத்திரி முழுக்க வெளியே நிற்கிற என் கார், எஞ்சினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டரின் வயரை கரண்டில் சொருகி வைத்திருந்தால் காலையில் பேசாமல் கிளம்பிவிடும். ஜனவரியில் ஊட்டிக்கு வந்தால், அப்பாவின் 2003 டொயோட்டா குவாலிஸ் டீசல் வண்டி வெறும் 4 டிகிரிக்கே எழமாட்டேன் என்கிறது. விட்டு விட்டு செல்ஃப் அடித்ததில் பேட்டரிதான் இறங்கியது. அப்பாவுக்கு இது பழகிப்போன விஷயம். வண்டியை எப்போதும் இறக்கத்தில் நிறுத்துவார், காலையில் உருட்டி செகண்ட் கியரில் கிளப்புவார். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணன் எரிகிற துணியை ஏர் கிளீனர் முன்னால் காட்டச் சொன்னார், இன்னொருவர் சட்டென்று தீப்பிடிக்கிற ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயை அடிக்கச் சொன்னார். ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றுகிற பிளக்) உள்ள எஞ்சினில் அந்த ஸ்ப்ரேயை அடித்தால் நேரம் தவறித் தீப்பிடித்து பிஸ்டனே போகலாம், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன்.

முதலில் போனது டவுனுக்குள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். மதியம் பன்னிரண்டு மணி, வண்டி ஓடிப்போன சூட்டில் சாவியைத் தொட்டதுமே ஸ்டார்ட் ஆனது. ஆனாலும் டீசல் பம்ப், டீசலைத் தெளிக்கிற நாசில் எல்லாம் கழற்றி கோவைக்கு அனுப்பணும், 32,000 ஆகும் என்றார்கள். காலையில் புகை வருகிறதா, என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் காந்தல் பக்கம் ஒரு சின்ன ஷெட். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அந்த மெக்கானிக்குக்கு. "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க தம்பி, ராத்திரி இங்கேயே பனியில நிக்கட்டும். காலையில ஆறு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் நான் தொடமாட்டேன்" என்றார். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

ஆறு மணிக்கு என்னை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அவர் பின்னால் போய் சைலன்சரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் பத்து விநாடி புகையே இல்லை, பிறகு வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாசனை. "புகை இல்லேன்னா டீசல் வரல. வெள்ளையா வந்தா டீசல் வருது, சூடு பத்தல. உங்களுக்கு ரெண்டும் இருக்கு."

குவாலிஸில் இருப்பது பழைய முறை எஞ்சின். டீசல் நேராக சிலிண்டருக்குள் போகாமல் பக்கத்தில் உள்ள சின்ன அறைக்குள் தெளிக்கப்படுகிறது, குளிரில் அந்த அறையின் சுவரே அழுத்தப்பட்ட காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும், அதனால்தான் ஹீட்டர் பிளக். டேஷ்போர்டில் சுருள் லைட் எரிந்து அணைவதைப் பார்த்து அப்பா ஹீட்டர் சரியாக இருக்கிறது என்றே நம்பியிருந்தார். அந்த லைட் டைமர் கணக்கில் எரிகிறது, பிளக் செத்திருந்தாலும் எரியும். மெக்கானிக் நாலு பிளக்கையும் இணைக்கிற பட்டையைக் கழற்றி, டெஸ்ட் லைட்டின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, ஊசியை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்தார். ரெண்டில் லைட் எரிந்தது, ரெண்டில் இல்லை, அந்த ரெண்டும் செத்த பிளக்.

டீசல் ஃபில்டர் மேல் உள்ள கை பம்ப்பை அழுத்தினால் தொளதொளவென்று இருந்தது. ஃபில்டருக்கும் எஞ்சினின் டீசல் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டிப் பார்த்தார், பாசிமணி கோத்தது போல் குமிழ் வரிசை. கை பம்ப் ரப்பர் தேய்ந்து, ராத்திரியில் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நாலு பிளக்கும் கை பம்ப்பும் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்தன. "நாளைக்கு" என்றது மூன்று நாள் ஆனது, அதற்கு அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வேலையோடு சேர்த்து 4,650. பில் என்று கேட்டதற்கு பிளக் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது மீட்டரை வைத்து, செல்ஃப் அடிக்கையில் பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்குவதையும் காட்டினார், அடுத்த டிசம்பர் தாங்காதாம்.

கோவை ஏர்போர்ட்டுக்குப் புறப்பட்ட அன்று விடியற்காலை நாலு மணி, ஒரே அடியில் எழுந்தது. அப்பா இன்னும் வண்டியை இறக்கத்தில்தான் நிறுத்துகிறார்.