கோழிக் கூளம்: மூடி அடுக்குவதா, புரட்டி மக்க வைப்பதா?

ஒரு பேட்ச் கோழி போனதும் கொட்டகையிலிருந்து வாரிய கூளத்தை (எச்சம் கலந்த உமி, மரத்தூள் போன்ற படுக்கையை) உரமாக்க இரண்டு வழி உண்டு. குவித்துத் தார்ப்பாய் போட்டுச் சில வாரம் தொடாமல் விடலாம். அல்லது ஈரம் சேர்த்து நீளக் குவியலாக்கி, அடிக்கடி புரட்டி மக்க வைக்கலாம். நான் இரண்டாவதற்கு மாறிவிட்டவன். பேச்சு அந்தப் பக்கமே சாயும்.

அடுக்குவதில் கூலியும் இடமும் மிச்சம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) கூடுதலாகத் தங்கும். புரட்டினால் அதில் ஒரு பங்கு அமோனியாவாகப் போய்விடும், மூக்கையும் எரிக்கும். இதில் மறுக்க ஒன்றுமில்லை.

எனக்கு முடிவைத் தந்தது குவியலின் மேல்பகுதிதான். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற நோய்க்கிருமிகளைப் பெரும்பாலும் கொல்வது சூடு. மூடி அடுக்கிய குவியலின் நடுவில் 55 டிகிரி செல்சியசை எட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் மேலே ஒரு சாண் ஆழத்துக்கும் தரையோரத்திலும் அந்தச் சூடு போய்ச் சேராது. போதாக்குறைக்கு மேல்பகுதி காய்ந்து கிடக்கும்; வறட்சிக்குப் பழகிய சால்மோனெல்லா சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். நிலத்துக்கு அள்ளும்போது அந்தக் கூளம் நடுப்பகுதியோடு கலந்துவிடுகிறது. ஈரம் கிடைத்தால் மிஞ்சியவை திரும்பப் பெருகவும் கூடும்.

புரட்டும்போது வெளியே கிடந்தது உள்ளே போய்ச் சூட்டில் மாட்டுகிறது. ஒரு தடவை புரட்டினால் எல்லாம் இடம் மாறிவிடாது. அதனால்தான் இம்முறைக்கு அமெரிக்காவின் விளைபொருள் பாதுகாப்பு விதி 55 டிகிரியில் 15 நாள், குறைந்தது 5 புரட்டல், பிறகு ஆறவிட்டு முதிரவைத்தல் என்று கேட்கிறது. நீண்ட தண்டுள்ள வெப்பமானியைப் பல இடத்தில் குத்திப் பாருங்கள். நடுவில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

சூடு ஏற ஈரம் வேண்டும். கொட்டகைக் கூளம் பெரும்பாலும் 20-30 சதவீத ஈரத்தில்தான் இருக்கும். அதை 50-60க்குக் கொண்டுவர வேண்டும். கையில் இறுக்கினால் உருண்டை பிடிக்கணும், தண்ணீர் சொட்டக் கூடாது. தழைச்சத்து மிகுந்த சரக்கு என்பதால் மரத்தூளோ உமியோ கலந்தால் நாற்றமும் இழப்பும் குறையும். என் அனுபவம் கூரைக்குக் கீழே செய்ததுதான். அடைமழையில் திறந்தவெளிக் குவியல் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அடுக்குவதை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். மரத்தோப்புக்கோ தீவனப்புல்லுக்கோ போகிற எரு என்றால் அது போதலாம். பச்சையாகத் தின்னும் காய்கறிக்கு என்றால் நான் துணியமாட்டேன். அடுக்கித்தான் ஆக வேண்டுமென்றால், குவியலின் மேல்பகுதியைத் தனியே சீவி அடுத்த குவியலின் நடுவில் வையுங்கள். ஆளுயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். உள்சூட்டில் தானாகவே தீப்பிடிப்பதுண்டு. குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் சூடு தாங்கும் வித்துகள் இரண்டு முறையிலும் பிழைத்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் பச்சைக் கூளம் அள்ளிய மண்வெட்டியை மக்கிய எருவுக்குள் விடாதீர்கள். புதுக் குவியலின் கசிவு அந்தப் பக்கம் ஓடாதபடி மக்கிய எருவை மேட்டில் வையுங்கள்.