நாய்க்குட்டிக்குப் பெயர்ப் பில்லை: டர்பன் வீடுகளுக்கு எது தேறும்?

புதுக் குட்டி வந்த அன்றே மாலில் சாவி வெட்டும் கடைக்கு ஓடிப்போய்ப் பில்லையில் பெயர் பொறித்து வர வேண்டாம். ஒரு வாரம் பொறுங்கள். பிள்ளைகள் 'பிரின்ஸ்' என்பார்கள், ஆயா வாயில் அது 'பின்சு' ஆகும், தாத்தாவோ 'டேய் குட்டி'யோடு நிறுத்திக்கொள்வார். ஏழாம் நாள் குட்டி எதற்குத் திரும்பிப் பார்க்கிறதோ அதுதான் அதன் பெயர்.

பெயர் இரண்டு அசைக்குள் இருக்கட்டும். 'டிக்கி', 'பட்டு' போல க, ட, ப ஓசை அழுத்தமாக விழுந்தால் நல்லது. வீட்டில் புழங்கும் கட்டளைகளோடு அது மோதக்கூடாது. 'நோ' சொல்லித் திருத்தும் வீட்டில் 'ஜோ' சரிவராது. தமிழில் 'போ' என்று விரட்டும் வீட்டில் 'போபோ' குழப்பும். நம் ஊரில் இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஜூலுவில் 'ஹம்பா' என்றால் போ, ஆகவே 'பம்பா' வேண்டாம். தெருவில் எல்லாரும் நாயை விரட்டச் சொல்லும் 'ஃபுட்செக்' இருக்கும்போது 'ஃபுட்ஸி' என்று பெயர் வைப்பது குட்டிக்குச் செய்யும் கொடுமை.

பழக்குவது எளிது. பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். குட்டி முகத்தைப் பார்த்த நொடியில் கோழித்துண்டு வாய்க்குள் போகட்டும். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. திட்டும்போது பெயரைச் சொல்லாதீர்கள், பிறகு கூப்பிட்டால் வராது.

இனி பில்லை. சந்தையில் கிடைப்பதைப் பெரும்பாலும் நான்கு வகையில் அடக்கலாம்.

வண்ண அலுமினியம்தான் அதிகம் விற்கிறது. 25 மி.மீ. வட்டம் இரண்டு கிராம்தான் வரும், குட்டிக்குச் சுமையில்லை. ஆனால் மேலே இருப்பது மெல்லிய சாயப்படலம். ஊசிமுனையால் கீறிப் பொறிக்கும்போது அடியில் உள்ள வெள்ளை தெரிகிறது, எழுத்து வாசிக்க முடிகிறது. காலரின் கொக்கியில் மாதக்கணக்கில் உரசிச் சாயம் போனபின் எல்லாமே ஒரே வெள்ளை, எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரும்பு வளையம் மென்மையான அலுமினிய ஓட்டையை அரைத்துக்கொண்டே இருக்கும். வட்டமான ஓட்டை முட்டை வடிவமாகி, ஒருநாள் பில்லை கழன்று விழும். ஆறு மாதத்துக்கு மட்டும் சரி.

பளபளவென்று எலும்பு வடிவில் தொங்கும் முலாம் பூசிய வார்ப்புப் பில்லைகளை வாங்கவே வேண்டாம். உள்ளே பெரும்பாலும் துத்தநாகக் கலவை. பல் முளைக்கும் குட்டி எதையும் கடிக்கும். விழுங்கிவிட்டால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உயிருக்கே ஆபத்து.

க்யூஆர் பில்லையில் முகவரி, மருந்து விவரம் எல்லாம் ஏற்றலாம். கண்டெடுத்தவர் போனில் டேட்டா இருக்க வேண்டும், விற்ற நிறுவனத்தின் தளமும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பக்கூடாது.

நாங்கள் சொல்வது துருப்பிடிக்காத எஃகு: 25 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. கனம், எடை ஏறக்குறைய ஆறு கிராம். ப்ளஃப், இசிபிங்கோ போன்ற கடலோரப் பகுதி வீடுகளுக்கு 316 என்ற எஃகுத் தரம் கேளுங்கள். உப்புக்காற்றில் வழக்கமான 304 தரம் கூடப் பழுப்புப் புள்ளி போடும். பொறிப்பை விரலால் தடவிப் பாருங்கள், நகத்தில் பள்ளம் தட்டுப்பட வேண்டும். மேலோட்டமாகக் கறுப்பாக்கிய லேசர் எழுத்து உரசலில் மங்கும். சலங்கை மாதிரி ஓசை எரிச்சலாக இருந்தால் காலர் பட்டையிலேயே செருகும் தட்டையான வகை உண்டு. அது எதிலும் மாட்டாது, பக்கத்துக் குட்டியாலும் கடிக்க முடியாது.

எதைப் பொறிப்பது? முன்பக்கம் செல்பேசி எண், பெரிதாக. கூடவே வீட்டில் இன்னொருவர் எண். பத்து இலக்கமும் ஒரு வரியில் நெருக்கினால் 3-ம் 8-ம் ஒன்றுபோல் தெரியும். இரண்டு வரியாகப் பிரியுங்கள். பெயர் பின்பக்கம் போகட்டும், அதற்குக் கீழே 'சிப் உண்டு' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.

அந்தச் சிப் வேறு கதை. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போகும் அரிசிமணி அளவுள்ள கண்ணாடிக் குழல், 15 இலக்க எண். எஸ்.பி.சி.ஏ. (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) காப்பகம் ஸ்கேனரில் படிக்கும், ஆனால் உங்கள் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் அது வெறும் எண்தான். பல வீடுகளில் கோட்டைவிடுவது இங்கேதான்.

பில்லையோடு வரும் மெல்லிய வளையத்தைத் தூக்கிப்போடுங்கள். இரட்டைச் சுற்று எஃகு வளையம் வாங்குங்கள். எஸ் கொக்கி குட்டியின் இழுப்பிலேயே விரியும். காலர் 10 முதல் 15 மி.மீ. அகலம், கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். குட்டி வளர்கிற வேகத்துக்கு வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். கூண்டில் விடும்போது காலரைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் பில்லை மாட்டினால் மூச்சுத் திணறும்.

ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குவாசுலு-நடாலில் ரேபிஸ் இன்னும் இருக்கிறது, தென்னாப்பிரிக்காவில் நாய்க்கு அந்த ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, 30 நாள் கழித்து 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

தீபாவளிக்கு முந்தின வாரமே வளையத்தை இழுத்துப் பாருங்கள், எண்ணை உரக்கப் படித்துப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெடிச்சத்தத்தில் மதில் தாண்டி ஓடும் நாய் வீட்டுப்பக்கம் திரும்பாமலே வெகுதூரம் போய்விடும். அன்றிரவு பூட்டிய அறையில் இருந்தாலும் காலர் கழுத்திலேயே இருக்கட்டும்.