கீழாநெல்லியின் பூவிதழை எண்ண ஒரு கை லென்ஸ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பறிப்பவர்கள் கொண்டுவரும் பச்சை மூலிகைகளை எடை போட்டு வாங்கி, வேற்றுச் செடிகளைக் கழித்து, நிழலில் உலர்த்தி, சித்த மருந்து செய்வோருக்கு அனுப்புவது என் தொழில். இதில் பெருஞ்சிக்கல் கீழாநெல்லிதான். கட்டுக்கட்டாக வந்து இறங்கும் செடிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஆனால் அந்தக் கட்டுக்குள் அதன் நெருங்கிய உறவுச் செடிகள் மூன்று நான்கு வகை கலந்திருக்கக்கூடும். தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் இருந்தவை கீழாநெல்லியின் பேரினமான ஃபில்லாந்தஸைச் சேர்ந்த வேறு இனங்களே என்று கண்டது. பறிப்பவர்மேல் குற்றமில்லை. வேறுபாடுகளில் முக்கியமானவை ஒரு மில்லிமீட்டருக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்காகவே சென்ற ஆண்டு பத்து மடங்கு பெருக்கும் மடக்கு லென்ஸ் ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன்.

அதற்கு முன் ஏமாந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் 180 ரூபாய்க்கு, விளிம்பில் ‘30 மடங்கு’ என்று பொறித்த லென்ஸ் ஒன்றை வாங்கியிருந்தேன். செடியின் ஓரங்களெல்லாம் நீலமும் மஞ்சளுமாகத் தெரிந்தன. நடுவில் மட்டும் ஒரு மிளகளவு இடம் தெளிவாக இருந்தது. ஐயம் வந்து, இருட்டறையில் ஜன்னலுக்கு எதிரே அதைப் பிடித்து, தூரத்துத் தென்னை மரத்தின் தலைகீழ் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து அளந்தேன். லென்சுக்கும் தாளுக்கும் இடையே 28 மில்லிமீட்டர் இருந்தது. கண் தெளிவாகப் பார்க்கும் தூரமாகக் கொள்ளும் 250 மில்லிமீட்டரை இந்தத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைத்துவிடும்; ஒன்பது மடங்குகூடத் தேறவில்லை. உண்மையாகவே 30 மடங்கு பெருக்கும் லென்ஸ் என்றால் தாள் எட்டு மில்லிமீட்டரில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் செடியைப் பிடித்தால் நம் தலை நிழலே அதை மறைத்துவிடும் என்பதால், உண்மையாகவே இருந்திருந்தாலும் வயலில் அது எனக்குப் பயன்பட்டிருக்காது.

புதிய லென்ஸ் மூன்று கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. நகைக்கடையில் வைரம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே வகை. இதே தென்னை மரச் சோதனையில் 25 மில்லிமீட்டரை ஒட்டியே வந்தது. வரைபடத் தாளின் மில்லிமீட்டர்க் கட்டங்களைப் பார்த்தால் கோடுகள் விளிம்பு வரை வளையாமல் செல்கின்றன; நிறச்சிதறல் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. செடியைக் கீழே வைத்துவிட்டு லென்சைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. லென்சைக் கண்ணோடு, மூக்குக்கண்ணாடி அணிபவர் அந்தக் கண்ணாடியோடு, ஒட்டிப் பிடித்துக்கொண்டு செடியைத்தான் அதன் அருகே கொண்டுவர வேண்டும்.

இனி கீழாநெல்லி. மேலாநெல்லியைப் பிரிக்க லென்ஸ் தேவையில்லை. அதில் இலைகள் நடுத்தண்டிலேயே வளர்ந்திருக்கும், கீழாநெல்லியிலோ பக்கக் கிளைகளில் மட்டுமே இலை இருக்கும். தொல்லை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. கிளையைத் திருப்பி, இலைக்கடியில் தொங்கும் காய்களில் ஒன்றை லென்சுக்கு நேரே பிடித்தால், காயின் அடியில் உதிராமல் நிற்கும் பூவிதழ்கள் தெரியும். நடுவில் பச்சைக் கோடும் ஓரத்தில் வெண்மையுமாக அவை ஐந்து இருந்தால், நாம் தேடும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆறு இருந்தால் டெபிலிஸ், ஃபிரேட்டர்னஸ் போன்ற வேறு இனங்கள். இரண்டு மில்லிமீட்டர் காயின் அடியில் ஐந்தா ஆறா என்று எண்ணுவது வெறுங்கண்ணால் ஆகாத காரியம். இந்த லென்சில் எண்ணும்போது ஒருமுறைகூடத் தடுமாற்றம் வரவில்லை. பூ கிடைத்தால் ஆண் பூவில் மகரந்தத்தாள்களின் கம்பிகள் ஒன்றாக இணைந்து தூண்போல் நிற்பதையும் பார்க்கலாம், ஆனால் அதற்குக் காற்றில்லாத காலையும் நடுங்காத கையும் வேண்டும்.

சிவப்புக் கீழாநெல்லியின் காய், காம்பே இல்லாததுபோல் கிளையோடு ஒட்டியிருக்கும். அதன் தோல் சொரசொரப்பாக இருக்கும். விதையைப் பார்த்த பிறகு ஐயமே எழாது. முற்றிய காயை நகத்தால் உடைத்தால் ஆறு விதைகள் விழும். அமாரஸ் விதையின் முதுகில் ஐந்தாறு வரிகள் நீளவாட்டில் ஓடுகின்றன. சிவப்புக் கீழாநெல்லியின் விதையிலோ கூரான மேடுகள் குறுக்குவாட்டில், உழுத சால்கள்போல் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒரு மில்லிமீட்டர் விதையில் இதைத் தெளிவாகக் காட்டியபோதுதான் கொடுத்த பணம் வீணில்லை என்று தோன்றியது. உலர்ந்த சரக்காக இருந்தால், காய்களைச் சில நிமிடம் வெந்நீரில் ஊறவிட்டால் சுருங்கிய பூவிதழ்கள் விரிந்துவிடுகின்றன. பிறகு பச்சைச் செடியில் போலவே எண்ணலாம். பழைய நூல்கள் பலவும் நம் ஊர்க் கீழாநெல்லியை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே குறித்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இன்றும் புட்டிகளின் சீட்டில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது, உள்ளே இருப்பது எது என்ற கேள்வி எனக்கு எழாமல் இருப்பதில்லை.

மூக்கிரட்டையோடு சாரணை கலந்து வருவது இன்னொரு தலைவலி. இரண்டும் தரையோடு படரும்; இரண்டிலும் எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். லென்சில் பார்த்தால் மூக்கிரட்டையின் காய் கதாயுதம்போல் தடித்து, ஐந்து விளிம்புகளோடு, பிசின் துளிகளைத் தலையில் ஏந்திய சுரப்பு முடிகள் நிறைந்து தெரிகிறது. வேட்டியில் அது ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் அந்த முடிகள்தான். சாரணையின் பூவோ, இலைக்காம்பின் அகன்ற அடிப்பகுதிக்குள் பாதி புதைந்து தனியாக உட்கார்ந்திருக்கும்.

தும்பைக்கு இது அவ்வளவாகத் தேவைப்படவில்லை. புல்லிவட்டத்தின் வாய் ஒருபக்கமாகச் சரிந்து மேற்பல் நீண்டிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும் தளம் மிக மெல்லியது; அம்மான் பச்சரிசியின் தண்டில் முடிகளின் நுனியைப் பார்த்தால் அடி மங்குகிறது, அடியைப் பார்த்தால் நுனி மங்குகிறது. விளக்கு இல்லாததால் மாலை ஐந்தரைக்குமேல் கொட்டகைக்குள் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கைப்பேசியின் கேமராவை லென்சின்மேல் வைத்துப் படம் எடுக்கலாம், ஆனால் நடுப்பகுதி மட்டுமே படத்தில் தேறுகிறது. செடியை அடையாளம் சொல்லும் செயலிகளுக்கு அந்தப் படங்களைக் கொடுத்துப் பார்த்தேன். பேரினம் வரை சரியாக வந்துவிட்டு, இனத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைச் சொன்னது.

எட்டாம் மாதத்தில் மடக்குத் திருகு தளர்ந்து, லென்ஸ் உறைக்குள் நிற்காமல் வெளியே விழத் தொடங்கியது. வாங்கிய கடையில் மாற்றுத் திருகு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி பழுதுபார்ப்பவர் ஒருவர் பத்து ரூபாய்க்குத் திருகை முறுக்கி, ஒரு சொட்டுப் பசையும் வைத்துக் கொடுத்தார். அதிலிருந்து கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது, இதுவரை தளரவில்லை.