ஏழு பேர் ஏறும் நாளுக்கான வண்டி: மூன்று வரிசை மின்சார எஸ்யூவியுடன் மூன்று ஆண்டுகள்

எங்கள் வீட்டில் ஏழு பேர்: நான், என் மனைவி, மூன்று பிள்ளைகள், என் அம்மா, அப்பா. ஐந்து இருக்கைகள் கொண்ட பழைய டீசல் காரில் எல்லோரும் ஒன்றாக எங்கும் போக முடியாது என்ற நிலை வந்தபோதுதான் மூன்று வரிசை வண்டி பற்றிய பேச்சு எழுந்தது. அடுத்து வாங்குவது மின்வண்டியாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வாங்கி மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. 54,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொல்லவிருப்பவற்றில் பெரும்பகுதி இந்த வகை வண்டிகள் அனைத்துக்கும் பொருந்தும். ஏறத்தாழ 100 கிலோவாட்-மணி, அதாவது 100 யூனிட் கொள்ளும் பேட்டரி, நான்கு சக்கர இயக்கம், இரண்டாம் வரிசையில் மூவர் அமரும் நீள இருக்கை என்ற அளவில் தெரிந்தால் போதும்.

அன்றாடம் இந்த வண்டியில் செல்வது இரண்டு பேர் அல்லது மூன்று பேர்தான். மூன்றாம் வரிசை ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மடிந்தே கிடக்கிறது. அப்படியானால் அதற்காக இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் ஏழு பேரும் ஏறும் நாள் எப்படிப்பட்டது என்று பாருங்கள்: அது பெரும்பாலும் நெடும்பயண நாள். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருப்பதால் டிக்கியில் இடம் மிகக் குறைவாக இருப்பதும், பெட்டிகள் மிக அதிகமாக இருப்பதும், வண்டியின் எடை உச்சத்தில் இருப்பதும், நெடுஞ்சாலை வேகத்தில் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தொலைவு, சுருங்குவதும், வழியில் சார்ஜ் ஏற்ற நேர்வதும் அதே ஒரு நாளில்தான். மற்ற நாள்களுக்கு எந்த மின்வண்டியும் போதும். மூன்று வரிசை வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த ஒரு நாளை மனத்தில் வைத்துத்தான். நாங்கள் இதைப் பாதியளவே முன்கூட்டி உணர்ந்திருந்தோம்.

உணர்ந்திருந்த பாதி, உட்காரும் இடம் பற்றியது. வண்டி பார்க்கப் போனபோதெல்லாம் நான் ஓட்டுநர் இருக்கையில் அமர்வதற்கு முன்பே அம்மாவும் மூத்த மகளும் மூன்றாம் வரிசையில் ஏறி அமர்ந்துவிடுவார்கள். மின்வண்டியில் பேட்டரி தரைக்கு அடியில் பரப்பி வைக்கப்பட்டிருப்பதால் தளம் உயர்ந்துவிடுகிறது. ஆனால் கூரையை அதே அளவுக்கு உயர்த்தினால் காற்றுத் தடை கூடும் என்பதால் வடிவமைப்பாளர்கள் அதைச் செய்வதில்லை. எனவே கடைசி வரிசையில் இருக்கைக்கும் தளத்துக்கும் இடையிலான உயரம் குறைந்து, முழங்கால் மேலே தூக்கி நிற்க, தொடை இருக்கையில் படாமல் உடலின் பாரம் முழுவதும் இடுப்பில் இறங்குகிறது. பத்து நிமிடம் உட்கார்ந்தால் இது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் தெரியும். முழங்கால் வலி உள்ள அம்மா இதை முதல் வண்டியிலேயே கண்டுபிடித்தார். அவரோடு அதே இடத்தில் இருபது நிமிடம் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் அதன் பிறகு எங்கள் முதல் சோதனையாக இருந்தது.

இந்தக் குறைக்கு மாற்று, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தொலைவு, அதாவது வீல்பேஸ். அது நீண்டால் கால்களை முன்னே நீட்ட வழி கிடைக்கும். மெர்சிடீஸ் ஈக்யூபியின் வீல்பேஸ் 2,829 மில்லிமீட்டர்; அதன் மூன்றாம் வரிசை 1.65 மீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு ஏற்றது என்று அந்த நிறுவனமே நேர்மையாகச் சொல்கிறது. வால்வோ ஈஎக்ஸ்90-க்கு 2,985, கியா ஈவி9-க்கு 3,100, ஹூண்டாய் ஐயோனிக் 9-க்கு 3,130 மில்லிமீட்டர். பேட்டரி அளவையும் மோட்டார் திறனையும் பார்ப்பதற்கு முன் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும். வண்டியின் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நீளம் முன்மூக்கிலும் கூடலாம், அதனால் பின்னால் இருப்பவருக்குப் பயனில்லை.

இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் உள்ள ஆறு பேர் வண்டியா, நீள இருக்கையுள்ள ஏழு பேர் வண்டியா என்ற கேள்வி எங்கள் எண்ணிக்கையாலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஆறு பேர் உள்ள குடும்பம் தயங்காமல் தனி இருக்கைகளை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் உள்ள வழியாகப் பிள்ளைகள் தாமாகவே பின்னால் போய்விடுவார்கள். எங்கள் வண்டியில் இரண்டாம் வரிசையை முன்னே தள்ளிச் சாய்த்தால்தான் பின்னால் ஏற முடியும். வாங்கும்போது கடைக்குட்டிக்கு இரண்டு வயது. அவனுடைய குழந்தை இருக்கை ஐசோஃபிக்ஸ் கொக்கிகளில் பூட்டப்பட்டிருக்கும்போது அந்தப் பக்கத்து இருக்கையை நகர்த்தவே முடியவில்லை. ஆகவே கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளும் மூத்த பிள்ளைகள் இருவரும் ஒரே பக்கக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள். நெரிசலான சாலையோரங்களில் அந்தக் கதவு போக்குவரத்தின் பக்கம் இருக்கும்போது எனக்கு மனம் பதைக்கும். குழந்தை இருக்கை பொருத்தியிருந்தாலும் முன்னே நகரும் இரண்டாம் வரிசை சில வண்டிகளில் உண்டு. உங்களுடைய குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று பூட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இனி நாங்கள் உணராத பாதி. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் மிஞ்சும் இடம், இந்த வகையின் பெரிய வண்டிகளிலும் கொஞ்சம்தான்: ஈவி9-இல் 333 லிட்டர், ஐயோனிக் 9-இல் 338 லிட்டர். ஐந்து பேர் செல்லும் சிறிய காரின் டிக்கி அளவு அது. அதில் ஏழு பேரின் பெட்டிகளை வைக்க வேண்டும். முதல் நெடும்பயணத்தில் பெட்டிகள் பிள்ளைகளின் காலடிக்குப் போனதால், பார்த்துப் பார்த்து வாங்கிய கால்வைக்கும் இடம் வீணானது. பிறகு கடினமான பெட்டிகளை விட்டுவிட்டு மென்துணிப் பைகளுக்கு மாறினோம். சார்ஜ் வயரும் ஈரத்துணிகளும் முன்மூடிக்குக் கீழே உள்ள சிறு அறைக்குப் போயின. கூரைப் பெட்டியையும் ஒருமுறை பொருத்திப் பார்த்தோம். அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

இடத்தோடு எடையும் உண்டு. இந்த வண்டிகள் வெறுமையாகவே இரண்டரை டன் அளவுக்கு வருபவை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் அதைக் கழித்தால் ஆள்களுக்கும் பொருள்களுக்கும் எஞ்சுவது பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ஏழு பேருடைய எடையையும் பைகளின் எடையையும் உண்மையாகக் கூட்டிப் பாருங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் முழுச்சுமைக்கான டயர் காற்றழுத்தம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். நான் முதலாண்டு முழுவதும் அதைக் கவனிக்காமல் சாதாரண அழுத்தத்திலேயே நெடும்பயணம் போயிருக்கிறேன். இப்போது கிளம்புவதற்கு முந்தின நாள் மாலையில் காற்றுப் பிடிப்பது வழக்கமாகிவிட்டது.

ரேஞ்ச் பற்றிப் பேசும்போது முதலில் சோதனை முறையைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள டபிள்யூஎல்டிபி சோதனை 23 கிலோமீட்டர் அளவுள்ள ஓட்டம். அதன் சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ நடத்தும் சோதனை இதைவிடக் கடுமையானது. 99.8 யூனிட் பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஈவி9-க்கு முதலாவதில் 563 கிலோமீட்டர் என்றும் இரண்டாவதில் 489 கிலோமீட்டர் என்றும் சான்று கிடைத்திருக்கிறது. இரண்டில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஏழு பேரோடு மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் நாளைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

எங்கள் வண்டியில் நான் குறித்துவைத்த கணக்கு இது. ஊருக்குள் ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 19 யூனிட் செலவாகிறது. நெடுஞ்சாலையில் நான் தனியாகச் சென்றால் 22. ஏழு பேர், பைகள், மூன்று வரிசைக்கும் ஏசி என்றால் 25. கூரைப் பெட்டி பொருத்திய பயணத்தில் அது 28-ஐத் தாண்டியது. அதோடு அந்தப் பெட்டியைக் கழற்றிவைத்துவிட்டோம். சமதளத்தில் சுமையைவிட வேகமே மின்சாரத்தை அதிகம் தின்கிறது, ஏனெனில் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது: 100-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, தடையோ 1.44 மடங்காகிறது. இந்தப் பெரிய முகப்புள்ள வண்டிகளில் அது உடனே தெரியும்.

25 யூனிட் என்பதை வைத்துக் கணக்கிட்டால், வீட்டிலிருந்து நிறைந்த பேட்டரியோடு கிளம்பி 10 சதவீதம் மிஞ்சும்வரை 360 கிலோமீட்டர் போகலாம். அதற்குப் பிறகு வேகச் சார்ஜரில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் அறிவுடைமை, ஏனென்றால் அதற்கு மேல் மின்கலங்களைக் காக்க வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்; 10-லிருந்து 80-க்கு ஏறும் அரைமணி நேரம் 80-லிருந்து 100-க்கும் ஏறக்குறைய ஆகிவிடும். ஆகவே முதல் நிறுத்தத்திலிருந்து உங்கள் கையில் இருப்பது 70 சதவீதம், அதாவது 280 கிலோமீட்டர். விளம்பரத்தில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் இந்த இரண்டு எண்களையும் வைத்துப் பாருங்கள். 280 கிலோமீட்டருக்குள் நம்பத்தக்க சார்ஜர்கள் இரண்டு இடங்களிலாவது இருந்தால் கவலை இல்லை.

இந்த அரைமணி நேரம் எங்களுக்குப் பாரமாக இருந்ததே இல்லை. ஏழு பேர் இறங்கி, கழிப்பறைக்குப் போய், கைகால் நீட்டி, மறுபடி பெல்ட் போட்டு அமர்வதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது. ஒரே ஒருமுறை ஐம்பது நிமிடம் ஆனது. கடும் குளிர்நாளில் சார்ஜிங் நிலையத்தை வண்டியின் வழிகாட்டித் திரையில் சேரிடமாகக் குறிக்காமல் கைபேசியைப் பார்த்து ஓட்டிப் போயிருந்தேன். திரையில் குறித்திருந்தால் வண்டி முன்னதாகவே பேட்டரியைச் சூடேற்றித் தயாராக்கியிருக்கும். குளிர்ந்த பேட்டரி வேகமான சார்ஜை ஏற்காது. வீட்டுச் சார்ஜரைப் பற்றி நிறையக் கவலைப்பட வேண்டாம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் எட்டு யூனிட்தான் தேவை; 7.4 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். எங்களுடையது நிக்கல் சேர்ந்த என்எம்சி வகை பேட்டரி என்பதால் அன்றாடம் 80 சதவீதத்தோடு நிறுத்தி, பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் நிறைக்கிறோம்.

வாங்குபவர்களை யாரும் எச்சரிக்காத ஒன்று, மூன்றாம் வரிசையில் வரும் குமட்டல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும் ரீஜென் வசதி எனக்கு மிகவும் பிடித்துப்போய், அதை உச்ச நிலையில் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுமகனுக்கு அதுவரை வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. இந்த வண்டியில் அரைமணி நேரத்தில் முகம் வெளுத்துவிடுவான். எஞ்சின் ஓசை ஏறுவதும் இறங்குவதும் காதில் விழாததால் அடுத்து வேகம் கூடுமா குறையுமா என்பதை உடல் முன்கூட்டி அறிவதில்லை, வெளியே பார்க்க ஜன்னலும் சிறிது. நான் ஓட்டும் இடத்தில் இதம், அவன் உட்கார்ந்த இடத்தில் ஊஞ்சல். இதை நாங்கள் புரிந்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. பின்னால் யாராவது இருந்தால் இப்போது ரீஜென் மிகக் குறைந்த நிலையில்தான் இருக்கும். ஏசியின் காற்றுவாயும் அவன் முகத்தை நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். அவனுடைய தொல்லை பெருமளவு நீங்கிவிட்டது. சோதனை ஓட்டத்தின்போது ஒரு சுற்றாவது நீங்கள் பின்னால் அமர்ந்து வேறு யாரையேனும் ஓட்டச் சொல்லுங்கள்.

பழுது என்று பார்த்தால் இரண்டு. முதல் குளிர்காலத்தில் 12 வோல்ட் துணைப் பேட்டரி இறங்கிப்போய், பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தும் வண்டி உயிர்பெறவில்லை; சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பினோம். மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பிறகு பின்பக்க ஏசி நான்கு நாள் இயங்கவில்லை. அடுத்த புதுப்பிப்பில் சரியானது. டயர்கள் 38,000 கிலோமீட்டரில் தேய்ந்தன. இந்த எடைக்கும் மோட்டாரின் உடனடி இழுப்புக்கும் அது எதிர்பார்க்கத்தக்கதே. மாற்றும்போது சுமைக்குறியீடு, அதாவது டயர் தாங்கும் எடையைக் காட்டும் எண், குறையாத டயர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். பராமரிப்பில் வேறு பெரிய வேலை எதுவும் வரவில்லை.

இந்த மாதம் கடைக்குட்டி முன்பக்கம் பார்த்து அமரும் பெரிய குழந்தை இருக்கைக்கு மாறியிருக்கிறான். அதைக் கதவுப் பக்கமிருந்து நடு இடத்துக்கு மாற்றியதால் இரு பக்க இருக்கைகளும் முன்னே நகர்கின்றன; மூன்று ஆண்டுகளில் முதல்முறையாகப் பிள்ளைகள் எப்போதும் நடைபாதைப் பக்கத்துக் கதவு வழியாக ஏறுகிறார்கள். மூத்த மகள் வேகமாக வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டாள், ஆனாலும் மூன்றாம் வரிசையில் அவளுக்கு இன்னும் முழங்கால் இடிக்கவில்லை. அம்மா இரண்டாம் வரிசையின் ஓரத்தில் அமர்கிறார். பின்னால் இருப்பவளுக்கு இடம் வேண்டுமென்று தன் இருக்கையை நான்கு விரற்கடை முன்னே இழுத்துக்கொள்கிறார்.