மடியா, வாலா: எது பழைய சொல்லைக் காத்தது?

ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்த இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உறவைக் காட்ட ஒரே சொல் வேண்டுமா? நான் பசுவின் மடியைத்தான் எடுப்பேன். சமஸ்கிருதத்தில் ஊதர், கிரேக்கத்திலும் ஏறக்குறைய ஊதர். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது! ஆங்கிலத்தில் அடர், ஜெர்மனில் ஆய்ட்டர். லத்தீனில் மட்டும் ஊபெர். இந்த 'ப' எங்கிருந்து வந்தது? நமக்குத் தெரிந்த ருதிரத்தைப் பாருங்கள். சிவப்பைக் குறிக்கும் அதன் லத்தீன் உறவுச்சொல் ருபெர். அங்கே 'த' இருந்த இடத்தில் இங்கே 'ப'. ஊதர், ஊபெர் ஆனதும் அதே விதிப்படிதான். எவ்வளவு அழகான ஒழுங்கு!

சரி, வால்? சமஸ்கிருதத்தில் புச்சம், கிரேக்கத்தில் ஊரா, லத்தீனில் கௌடா, ஜெர்மனில் ஷ்வான்ட்ஸ், ஆங்கிலத்தில் டெய்ல். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பால் தரும் மடியின் பெயர் நிலைத்தது, வாலுக்கு ஆளுக்கொரு பெயர்.