மதிலா, உயிர்வேலியா?

மனையைச் சுற்றி மதில் எழுப்பலாமா, செடிகளை நெருக்கி நட்டு உயிர்வேலி அமைக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைத் தடுக்கப் போகிறீர்கள்? காற்றையா, சத்தத்தையா, புழுதியையா, வெயிலையா? அதைச் சொல்லாமல் இரண்டில் எது மேல் என்று சொல்லவே முடியாது.

காற்று என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, உயிர்வேலிதான். கெட்டியான சுவர் காற்றை நிறுத்திவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் மோதிய காற்று மேலே ஏறி, சுவரைத் தாண்டி, மறுபக்கம் சுழன்று இறங்குகிறது. பலத்த காற்று அடிக்கும் நாளில் மதிலுக்கு உள்பக்கம் நின்று பாருங்கள். காய்ந்த சருகுகள் ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். இலையும் கிளையுமாக இருக்கும் வேலி, காற்றில் ஒரு பங்கை ஊடே விடுகிறது. பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக இருந்தால் வேகம் குறையும், சுழல் பெரிதாக எழாது. வேலியின் உயரத்தைப் போல 10 மடங்கு தூரத்திலும் அதன் பலன் நன்றாகவே தெரியும். 5 மீட்டர் உயர வரிசை என்றால் 50 மீட்டர். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று அடிக்கிளைகளைக் கழித்துவிட்டால், அந்தச் சந்து வழியே காற்று முன்பைவிட வேகமாகப் பாயும்.

சத்தத்துக்கு மதில்தான். செடி கொடி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதை மறைக்கக் கூடாது. ஒற்றை வரிசைச் செடி வாகனத்தைக் கண்ணிலிருந்து மறைக்கும், காதிலிருந்து மறைக்காது. 30 மீட்டர் அகலத்துக்கு அடர்த்தியாக மரமும் புதருமாக நட்டால்கூடக் குறைவது ஏறத்தாழ 5 முதல் 8 டெசிபல். ஓட்டை இடைவெளி இல்லாத சுவர், வாகனத்துக்கும் நமக்கும் நடுவே பார்வையை மறைக்கும் உயரத்தில் நின்றாலே 5 டெசிபல் அளவுக்குக் குறைத்துவிடும். அதற்கு ஒரு சாண் அகலம் போதும்.

புழுதிக்கு மறுபடியும் இலைதான். சாலையோரச் செடியின் இலையை விரலால் ஒருமுறை வழித்துப் பாருங்கள். விரலில் ஒட்டும் அந்தச் சாம்பல் நிறப் பொடி, அங்கே நிற்காவிட்டால் உள்ளே வந்திருக்கும். சொரசொரப்பான, ரோமம் உள்ள இலைகள் அதிகம் பிடிக்கும். மழை வந்தால் கழுவிக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். ஆனால் இருபுறமும் உயரமான கட்டடங்கள் நெருக்கும் குறுகிய தெருவில், மேலே கிளைகள் கூடிக் குடைபிடிக்கும் மரம் வாகனப் புகையை வெளியேற விடாமல் அடைத்துவைக்கும். அங்கே இடுப்பளவுப் புதர்வேலிதான் சரி.

வெயில் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பக்கச் சுவரில் இருட்டிய பிறகு கை வைத்துப் பாருங்கள், இன்னும் சுடும். இலை அப்படிச் சேர்த்துவைக்காது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும்; மரம் பகல் முழுவதும் இலைவழியே செய்வது அந்த வேலையைத்தான். அந்த நீரை மண்ணிலிருந்து எடுத்தாக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு மதில்; கட்டிய நாளிலிருந்தே வேலை செய்யும். வேலி அடர சில வருடங்கள் ஆகும், முதல் ஓரிரு வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்புறம் வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இரைச்சல் வரும் பக்கம் மட்டும் சுவர் எழுப்பி, அதன் வெளிப்புறம் புதர் வரிசை ஒன்று வைப்பேன். காற்று வரும் பக்கம் சுவரே வேண்டாம். இரண்டு வரிசை, முன்வரிசையின் இடைவெளிக்கு நேரே பின்வரிசைச் செடி வருகிற மாதிரி. இரண்டிலும் ஒரே இனத்தை நடாமல் கலந்து நடுவேன். ஒரு நோய் வந்தால் வேலி மொத்தமும் போய்விடாது.