மசகுப் படலக் கணக்குக்கு காம்சால்: முனைவர் ஆய்வுக்கு எதுவரை தாங்கும்?

பேரிங், பல்சக்கரம் போன்றவற்றில் மசகுப் படலத்தைக் கணினியில் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மல்ட்டிகிரிட் (பெரிய, சிறிய கட்டங்களை மாறி மாறிப் பயன்படுத்தி விரைவாகத் தீர்க்கும் உத்தி) நிரலைச் சொந்தமாக எழுதுவது. மற்றது, காம்சால் (COMSOL) போன்ற பொதுவான உருவகப்படுத்தும் மென்பொருளில் சமன்பாடுகளை ஏற்றுவது. ஆய்வின் முதல் வருடத்துக்கு இரண்டாவதே மேல். கடைசி வருடம் வரை அதையே நம்பியிருப்பது வேறு விஷயம்.

நிரல் எழுதுபவர்கள் உலோகத்தின் வளைவைத் தொகையீட்டால் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு புள்ளியின் அழுத்தமும் மற்ற எல்லாப் புள்ளிகளையும் அசைக்கும். 256-க்கு 256 கட்டம் என்றால் 65,536 புள்ளிகள். இந்தத் தொடர்புகளைக் கொண்ட முழு அணியை (மேட்ரிக்ஸ்) சேமிக்கவே 34 ஜிகாபைட் வேண்டும். மல்ட்டிகிரிட், எஃப்.எஃப்.டி. (விரைவு ஃபூரியர் மாற்றம்) உத்திகள் எல்லாம் இதிலிருந்து தப்பிக்கத்தான். 2008-இல் ஹப்சியும் லியோன் குழுவினரும் வெளியிட்ட ‘ஃபுல் சிஸ்டம்’ முறையில் இந்தத் தொல்லை இல்லை. இரு உடல்களையும் சேர்த்து, தொடர்பு ஆரத்தைப் போல 60 மடங்கு பக்கமுள்ள ஒரே கனசதுரமாக்கி, அதன் மேல்முகத்தில் ரெனால்ட்ஸ் சமன்பாட்டை (படலத்தின் அழுத்தத்தைத் தரும் சமன்பாடு) எழுதுகிறார்கள். அணியில் பெரும்பகுதி பூஜ்யம். சமன்பாடுகளைத் தொகையீட்டு வடிவில் நாமே எழுதவிடும் காம்சாலின் வீக் ஃபார்ம் வசதி இதற்கு அப்படியே பொருந்துகிறது.

சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதியான சால்வரை ‘செக்ரிகேட்டட்’ (ஒவ்வொன்றாகத் தனித்தனியே தீர்ப்பது) என்று விட்டுவிட்டால் இந்த முறையின் பயனே போய்விடும். அழுத்தம், வளைவு, படலத்தின் மாறிலி (தடிமன் முழுவதையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும் எண்) மூன்றையும் ‘ஃபுல்லி கப்பிள்டு’ ஆகவே, அதாவது ஒரே நேரத்தில், தீர்க்க வேண்டும். மாறிலிக்குரிய பளுச் சமன்பாட்டின் மூலைவிட்டத்தில் பூஜ்யம் விழும். அதனால் இட்டரேட்டிவ் சால்வர் தடுமாறும். நேரடியாகத் தீர்க்கும் பார்டிசோ அல்லது மம்ப்ஸ் சால்வர் போதும்.

தொடக்க மதிப்பில்தான் பலரும் விழுகிறார்கள். ஹெர்ட்ஸ் அழுத்தத்தோடு (மசகு இல்லாத தொடர்பின் அழுத்தம்) மாறிலியை மைனஸ் 1 என்று கொடுத்தால் படலத் தடிமன் ஏறக்குறைய பூஜ்யமாகிறது. ஏதாவது ஒரு புள்ளியில் அது எதிர்மறையானால் தடிமனின் முப்படியும் குறி மாறும், விடையைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன் முறை சிதறிவிடும். மைனஸ் 0.9-இல் தொடங்கினால் தப்பலாம். எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் வரும் எதிர்மறை அழுத்தத்தை அடக்க, சமன்பாட்டில் பெனால்டி உறுப்பு வேண்டும். அது சிறியதாக இருந்தால் எதிர்மறை மிஞ்சும், மிகப் பெரியதாக இருந்தால் சால்வர் திணறும்.

பளு ஏறினால் அடுத்த சிக்கல். பாகுத்தன்மையின் அழுத்தக் குணகம் ஒரு ஜிகாபாஸ்கலுக்கு 20 என்று வைத்தால், பாகுத்தன்மை அழுத்தத்தோடு அடுக்குக்குறியாக ஏறும் என்ற பாரஸ் விதிப்படி 1 ஜிகாபாஸ்கலில் பாகுத்தன்மை 48 கோடி மடங்கு ஆகிறது. (அந்த விதியை அவ்வளவு தூரம் நம்புவது வேறு கதை.) தொடர்பின் நடுவே ரெனால்ட்ஸ் சமன்பாட்டின் பரவல் உறுப்பு ஏறக்குறைய மறைந்துவிடுவதால் அழுத்தக் கோட்டில் பல் பல்லாக அலை எழும். மெஷ்ஷை மட்டும் நுணுக்கிப் பார்ப்பது பணமும் நேரமும் வீண். எஸ்.யு.பி.ஜி. போன்ற நிலைப்படுத்தும் உறுப்பைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, கன்வெர்ஜ் ஆகியும் (கணக்கு முடிந்து நிலைத்தும்) தப்பாக இருக்கும் விடை. சமச்சீர் கருதிப் பாதி மாதிரி போடுபவர்கள், பரிமாணமற்ற பளுவை 2பை/3 என்பதிலிருந்து பை/3 ஆகக் குறைக்க மறந்தால் பளு இரட்டிப்பாகும். ஆனால் படலத் தடிமனுக்கான ஹாம்ராக்–டவுசன் வாய்ப்பாட்டில் மையப் படலம் பளுவின் மைனஸ் 0.067 அடுக்கில்தான் மாறுகிறது. அதாவது பிழையால் படலம் 5 சதவீதம்கூடக் குறையாது, யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். உச்ச அழுத்தம் மட்டும் 26 சதவீதம் கூடிவிடும். ஆகவே சரிபார்க்க முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். 25.4 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டு, கண்ணாடித் தட்டு, 20 நியூட்டன் பளு என்றால் ஹெர்ட்ஸ் உச்சம் சுமார் 0.44 ஜிகாபாஸ்கல், தொடர்பு ஆரம் 0.15 மி.மீ. இந்த எண்கள் சரியாக வந்த பிறகு, குறைந்தபட்சப் படலத்துக்கு மெஷ் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். குறைந்தபட்சப் படலம் நடுவில் இல்லை, படலம் மெலியும் குதிரைலாட வடிவத்தின் இரு பக்கங்களில் இருக்கிறது. அங்கே மெஷ் சொரசொரப்பாக இருந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை.

நிலையான, வழவழப்பான தொடர்புக்கும், வெப்பத்தைச் சேர்ப்பதற்கும் காம்சாலைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கரடுமுரடான பரப்பு நகரும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு நேரப்படியிலும் அந்த முழுக் கனசதுரத்தையும் நியூட்டன் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டியிருக்கிறது. படிகள் ஆயிரத்தைத் தாண்டினால் மேல்முகத்தோடு நின்றுகொள்ளும் மல்ட்டிகிரிட் நிரலே வேகம். ஆய்வுத் தலைப்பில் ‘சொரசொரப்பு’ என்ற சொல் இருந்தால் நிரலை இரண்டாம் வருடத்திலேயே எழுதத் தொடங்குங்கள், காம்சால் விடைகளை அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.